கடிக்கிற முயலுக்கு எது வைத்தியம்: இடமா, பழக்கமா, ஆபரேஷனா, ஜோடியா?

நாலைந்து மாதம்வரை மடியில் ஏறித் தூங்கிய முயல், ஒருநாள் கூண்டுக்குள் வந்த கையைப் பார்த்து உறுமும். முன்னங்கால் இரண்டாலும் அறையும். பெருக்க வரும் விளக்குமாற்றின் மேல் பாய்ந்து கடித்து இழுக்கும். முயல் வளர்ப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. வைத்தியமும் ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஜோடி வாங்கச் சொல்வார். இணையத்தில் படித்தவர் கருத்தடை ஆபரேஷன் என்பார். மாமியார் யாருக்காவது தூக்கிக் கொடு என்பார். எல்லோரும் தாம் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதால், வளர்ப்பவர் எதையும் செய்யாமல் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மாதங்களை ஓட்டிவிடுகிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூண்டு வைத்திருக்கும் விதத்தையும் கை நீட்டும் விதத்தையும் மாற்றுவதுதான் எல்லா முயலுக்கும் முதல் வேலை. ஆபரேஷன் பெண் முயலுக்குக் கிட்டத்தட்ட எப்போதும் நல்லது, ஆணுக்கு நிலைமையைப் பார்த்துச் செய்யலாம். ஜோடி சேர்ப்பது கடிக்கு வைத்தியமே அல்ல. வேறு வீட்டுக்குக் கொடுப்பது கடைசி வழி, ஆனால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவே, ஏற்கெனவே கடிபட்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் பயம். முயல், எலி போன்றவற்றின் கடிக்கு அது அரிதாகவே தேவைப்படும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆனால் அந்த முயலை அண்மையில் தெருநாயோ கீரியோ கடித்திருந்தால் கதை வேறு. எப்படியானாலும் டாக்டரைப் பார்த்து விவரத்தைச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முயலின் முன்பற்கள் உளி மாதிரி கூர்மையானவை. காயம் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் ஆழமாக இறங்கியிருக்கும்.

வலியா, கோபமா?

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வலியில் இருக்கும் முயலும் கடிக்கும். அதற்குப் பழக்கமும் உதவாது, ஆபரேஷனும் உதவாது. இரண்டு மூன்று வயதுவரை சாதுவாக இருந்த முயல் திடீரென்று மாறினால் முதலில் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாலாவது ஐந்தாவது மாதத்தில் தொடங்குகிற முரட்டுத்தனம் பெரும்பாலும் பருவத்தின் வேலை.

வலி முதலில் தேடப்பட வேண்டிய இடம் வாய். முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நார் நிறைந்த புல்லை மென்று மென்றுதான் அவை தேய வேண்டும். நம் வீடுகளில் முயலுக்குக் கிடைப்பது கேரட்டும் பிஸ்கட்டும் மீந்த சோறும் பெல்லட் தீனியும். கடைவாய்ப்பல் தேயாமல் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். தாடை ஈரமாக இருப்பது, ஆசையாக ஓடிவந்து முகர்ந்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிப் போவது, புழுக்கை சிறுத்துப்போவது, முதுகைக் குறுக்கிக்கொண்டு கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது எல்லாம் வலியின் அடையாளங்கள். மெலிதாகப் பல் உரசும் சத்தம் வேறு. அதைத் தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் போடும்.

அடுத்தது காது. உள்ளே பொருக்குப் பொருக்காகப் படை இருந்தால் காதுச் சொறிப்பூச்சி. தலையைத் தொட்டாலே அறையும். பின்னங்கால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கம்பித் தரையில் நின்று நின்று முடி கொட்டிப் புண்ணாகியிருந்தால் தூக்கும்போதெல்லாம் கடிப்பது நியாயம்தான். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை நீங்களாகவே முயலுக்குப் போட்டுவிடாதீர்கள். ஃபிப்ரோனில் கலந்த சொட்டு மருந்து முயலைக் கொன்றுவிடக்கூடும். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து முயலும் சாகக்கூடும். இந்த இரண்டும் தெரியாத மருத்துவரிடம் முயலைக் காட்டாமல் இருப்பது நல்லது. பெண் முயலாக இருந்து, முன்பு ஆணோடு இருந்திருந்தால் சினையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சினைக்காலம் சுமார் 31 நாள். குட்டி போடும் வாரத்தில் எந்தத் தாய்க்கும் கோபம் வரும்.

வலி இல்லை என்று தெரிந்த பிறகு மூன்று விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வயதில் தொடங்கியது, எந்த இடத்தில் கடிக்கிறது, யாருடைய கையைக் கடிக்கிறது. கூண்டுக்குள் மட்டும் கடித்து, வெளியே வந்ததும் காலடியில் படுத்துக்கொள்கிறதா? அது இடத்தைக் காக்கிறது. காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, மெல்ல முனகி, கடித்து ஏறப் பார்க்கிறதா, சுவரில் மூத்திரத்தைப் பீய்ச்சுகிறதா? அது பருவம். மூலையில் ஒடுங்கி, காதைப் பின்னால் சாய்த்து, பின்னங்காலால் தரையைத் தட்டி, கை நெருங்கியதும் கடிக்கிறதா? அது பயம். வீட்டில் எல்லோரையும் விட்டுவிட்டு ஏழு வயதுப் பையனை மட்டும் கடிக்கிறது என்றால் பையன்தான் அதைத் தூக்குகிறான். அதிலே ஆராய ஒன்றும் இல்லை.

கூண்டை மாற்றுவது

செலவு குறைவு, ஆபத்து இல்லை, இரண்டு வாரத்தில் பலன் தெரிந்துவிடும். இவ்வளவு இருந்தும் இந்த வழியை யாரும் முதலில் செய்வதில்லை. காரணம், கூண்டில் தப்பு இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கொளத்தூர்க் கடைகளிலோ முயலோடு சேர்த்துத் தரும் கம்பிக் கூண்டு பண்ணைக்காக வந்த வடிவம். நம்மூரில் செல்லமாக வளரும் முயல்களில் பலவும் இறைச்சிக்காகப் பெருக்கப்பட்ட இனங்களின் வாரிசுகள். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட், இவற்றின் கலப்பு. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையத்தில்கூட இந்தப் பெரிய இனங்களைத்தான் வளர்த்துப் பண்ணையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்தால் நாலு கிலோவைத் தொடும். பண்ணையில் புழுக்கை கீழே விழ வேண்டும், ஆள் மேலிருந்து கை விட்டு எடுக்க வேண்டும், ஒரு முயலுக்கு ஒரு அறை போதும். அந்தக் கணக்கு வீட்டுக்கு ஒத்துவராது.

வளர்ப்பு முயலின் மூதாதை ஐரோப்பாவின் வளைமுயல். மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதில் பெண்கள்தான் குட்டி போடும் வளைக்காகக் கடுமையாகச் சண்டை போடும். (நம் காட்டில் ஓடும் முயல் வேறு இனம். அது வளை தோண்டுவதில்லை.) ஆக, பெண் முயலுக்குக் கூண்டு என்பது வளை. அதற்குள் மேலிருந்து ஒரு கை இறங்கினால், பருந்தின் கால் இறங்குவதற்கும் அதற்கும் முயலின் மூளையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் செய்ய வேண்டியது, மேல்பக்கக் கதவை மூடிவிட்டுப் பக்கவாட்டுக் கதவைப் பயன்படுத்துவது. முயல் உள்ளே இருக்கும்போது கூண்டைத் துடைக்காமல், தட்டை எடுக்காமல், சாக்கை மாற்றாமல் இருப்பது. கதவைத் திறந்துவிட்டு அது தானாக வெளியே வரும்வரை காத்திருந்து, பிறகு வேலையைப் பார்ப்பது. முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். மத்தியான வெயிலில் தூங்கும் முயலை எழுப்பிக் கொஞ்சப் போனால் அது கடிக்கத்தான் செய்யும். கம்பித் தரைமேல் கோணியோ பாயோ விரியுங்கள். உள்ளே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் வாசல் வெட்டி வையுங்கள். ஒரு வாசல் மட்டும் இருந்தால் மாட்டிக்கொண்டோம் என்று பாய்ந்துவரும்.

இட அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் இருக்கும் முயல் நல அமைப்பு ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்று சொல்கிறது. சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆனால் கடையில் விற்கும் இரண்டடிக் கூண்டுக்கும் இதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. மடக்குவேலியை வாங்கி ஹாலின் ஒரு மூலையைச் சுற்றி நிறுத்தினாலே முயல் நாலு தாவல் தாவும். கூண்டு எப்போதும் திறந்திருக்க, வேலிக்குள் அதன் போக்குவரத்து நடக்கட்டும். பால்கனி என்றால் வெயிலைப் பாருங்கள். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் திணறல் வந்துவிடும். சூட்டில் தவிக்கும் முயல் எரிச்சலாகவும் இருக்கும்.

இந்த வழியின் எல்லையும் தெளிவானது. இடத்தைக் காப்பதற்காகக் கடிக்கும் முயல் இதில் பெரிதாக மாறும். பயத்தில் கடிப்பது பாதி மாறும். பருவத்தில் இருக்கும் ஆண் முயலுக்கு இடம் கூடினால் மூத்திரம் பீய்ச்சும் சுவரும் கூடும், அவ்வளவுதான்.

கையைப் பழக்குவது

இதையும் கூண்டு மாற்றத்தையும் ஒன்றாகவே செய்யலாம். தனியாக ஒப்பிடக் காரணம், இதற்கு வேண்டியது காசு அல்ல, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. அது பல வீடுகளில் காசைவிடக் கஷ்டம்.

முயலுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்கு அடியிலும் பார்வை விழாது. நாய்க்கு நீட்டுவதுபோல மூக்குக்கு முன்னால் கையை நீட்டினால், எங்கிருந்தோ ஒன்று முளைத்ததுபோல மிரண்டு கடிக்கும். கையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, நெற்றியில் வைத்து, காதை நோக்கித் தடவ வேண்டும். தாடை, வயிறு, கால் மூன்றையும் ஆரம்பத்தில் தொடவே கூடாது.

முதல் சில நாட்கள் தொடாமலே இருங்கள். தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். முயல் வந்து முகரும், சட்டையைக் கவ்வும், ஏறி இறங்கும். பிறகு கொத்தமல்லித் தண்டையோ முருங்கை ஈர்க்கையோ தரையில் வைத்த கையில் பிடித்துக் கொடுங்கள். பாயும் முயலாக இருந்தால் கனமான துணிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையுறையின் உண்மையான உபயோகம் காயத்தைத் தடுப்பதைவிட, நீங்கள் கையை வெடுக்கென்று இழுக்காமல் இருக்க உதவுவது. பாய்ந்தால் கை போய்விடுகிறது என்று ஒருமுறை கற்றுக்கொண்ட முயல், அதை மறக்க நாளாகும். பாய்ந்தாலும் கை அங்கேயே சும்மா இருக்கிறது, கொத்தமல்லியும் இருக்கிறது என்றால் மெல்ல அலுத்துப்போகும்.

சட்டையைப் பிடித்து மெல்லக் கவ்வுவதைக் கடி என்று நினைக்க வேண்டாம். "தள்ளு, வழி விடு" என்பதற்கு முயல் அப்படித்தான் செய்யும். சட்டென்று உயர்ந்த குரலில் 'ஈ' என்று கத்தினால் பல முயல்கள் அடுத்த முறை மெதுவாகக் கவ்வும்.

தண்டனை வேண்டவே வேண்டாம். மூக்கில் தட்டுவது, தண்ணீர் அடிப்பது, மல்லாக்கப் போட்டு அசையாமல் வைப்பது எல்லாவற்றையும் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். மல்லாக்கப் போட்டால் முயல் அடங்கிக் கிடப்பது உண்மை. ஆனால் அது சாகப்போகிறோம் என்ற பயத்தில் உறைந்துபோவது. காதைப் பிடித்துத் தூக்குவது நம்மூரில் பரவலான பழக்கம், கொடுமையானதும்கூட. சரியாகத் தாங்காமல் தூக்கும்போது முயல் உதைத்தால், அந்த உதையின் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறியும். பின்னங்கால்கள் செயலிழந்துவிடும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து கொஞ்சலாம், தூக்கக் கூடாது என்ற ஒரே விதியைக் கறாராக வைத்தால், குழந்தையைக் கடிக்கும் முயல்களில் பல தானாகவே அடங்கிவிடும்.

பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். பயந்து கடிக்கும் முயலுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நாலு வாரத்தில் தாயைவிட்டுப் பிரித்து விற்கப்பட்ட குட்டிகளில் இந்தப் பயம் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆபரேஷன்

அதிகம் பேசப்படுவதும் அதிகம் பயப்படப்படுவதும் இதுதான். இரண்டுக்கும் காரணம் உண்டு.

ஆண் முயலுக்கு விதை இறங்குவது மூன்றாவது மாதத்தை ஒட்டி. நாலாவது மாதத்திலிருந்து விதை நீக்கலாம். வெளியே இருக்கும் உறுப்பு என்பதால் சின்ன வேலை. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் எடுக்க வேண்டும். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு செய்வார்கள். ஏறுவது, காலைச் சுற்றுவது, மூத்திரம் பீய்ச்சுவது, மற்ற முயல்களோடு ரத்தம் வரச் சண்டை போடுவது ஆகியவை ஆணிடம் நன்றாகக் குறையும். பெண்ணிடம், கூடு காக்கும் வெறியும் பொய்ச்சினையும் போய்விடும். பொய்ச்சினை என்பது ஆண் இல்லாமலே, சில சமயம் இன்னொரு பெண் ஏறியதாலேயே வருவது. பதினாறு பதினேழு நாள் இருக்கும். கழுத்து முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், யார் அருகில் வந்தாலும் பாயும். இது திரும்பத் திரும்ப வரும் முயலை எந்தக் கொத்தமல்லியாலும் பழக்க முடியாது.

உடனே பலன் எதிர்பார்க்கக் கூடாது. ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் அடங்க ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் ஆகும். ஆண் முயல் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்வரை குட்டி போடவைக்கும் நிலையில் இருக்கலாம். அதுவரை பெண்ணோடு விடாதீர்கள். பயத்தால் கடிப்பதை இது தொடாது. ஆறு மாதமாகப் பாய்ந்து பழகிய முயலுக்கு ஹார்மோன் போன பிறகும் பழக்கம் மிச்சமிருக்கும், கைப்பழக்கம் பின்னாலேயே வர வேண்டும்.

இப்போது ஆபத்து. பிரிட்டனில் 2000-களின் தொடக்கத்தில் செல்லப் பிராணிகளின் மயக்க மருந்து மரணங்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம் இறந்தன. முயல்களில் 1.39 சதவீதம். நோயில்லாத முயல்களை மட்டும் பார்த்தால் 0.73 சதவீதம். அதாவது நல்ல உடல்நிலையில் இருக்கும் முயலுக்கும், நோயுள்ள நாய்களையும் சேர்த்த சராசரியைவிட நாலு மடங்கு ஆபத்து. அது பிரிட்டன் மருத்துவமனைகளின் கணக்கு. முயலே எப்போதாவது வரும் ஒரு தெருமுனைக் கிளினிக்கில் இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆனால் தராசின் மறுதட்டில் ஒன்று இருக்கிறது. கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். சில இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வந்ததாக ஆய்வுகள் உண்டு. முயல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டுப் பத்து வருடம் இருக்கும் பிராணி. கடியைப் பற்றிய பேச்சே இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே பெண் முயலுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்பது என் கட்சி. ஆணுக்கு அப்படிப்பட்ட நிர்ப்பந்தம் இல்லை. கூண்டையும் கையையும் மாற்றிப் பார்த்து, இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஏறுவதும் பீய்ச்சுவதும் கடிப்பதும் குறையவில்லை என்றால் செய்யுங்கள். தனியாக, சாதுவாக இருக்கும் ஆணைக் கத்திக்குக் கொண்டுபோக அவசியம் இல்லை.

முடிவைவிட முக்கியமானது யாரிடம் போகிறோம் என்பது. மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: முயலுக்கு இதைச் செய்திருக்கிறீர்களா, எத்தனை செய்திருப்பீர்கள், வாயு மயக்க மருந்து இருக்கிறதா, வலிக்கு என்ன தருவீர்கள்? பிறகு ஒரு கேள்வி. "டாக்டர், முதல்நாள் ராத்திரி பட்டினி போடணுமா?" நாய்க்கும் பூனைக்கும் பட்டினி போடுவது வாந்தி வராமல் இருக்க. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். ஆம், பட்டினி போடுங்கள் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் தனியார் கிளினிக்குகளோடு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்டுப் பார்க்கலாம். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கும் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. செலவு இடத்துக்கு இடம் மாறும், தனியாரில் சில ஆயிரம் ரூபாய்க்குத் தயாராக இருங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஏசி இல்லாத வீட்டில் கத்திரி வெயிலில் ஆறாத தையலோடு ஒரு முயலைப் பராமரிப்பது முயலுக்கும் வேதனை, உங்களுக்கும் வேதனை. போகும்போது அது வழக்கமாகத் தின்னும் புல்லையும் கீரையையும் பையில் எடுத்துப்போங்கள். கண் விழித்த சில மணி நேரத்தில் அது ஏதாவது கொறிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் விடிய விடியக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இன்னொரு முயல்

"தனியா இருக்குறதாலதான் கோபம், ஜோடி போடுங்க சரியாயிடும்." கடையில் இதைச் சொல்லி இரண்டாவது முயலை விற்காதவர் அபூர்வம். முயல் கூட்டப் பிராணி என்பதும், சரியான துணை கிடைத்தால் சந்தோஷமாக இருக்கும் என்பதும் சரி. ஆனால் ஆபரேஷன் ஆகாத, இடம் காக்கும் ஒரு முயலின் கூண்டுக்குள் இன்னொன்றை விட்டால் நடப்பது கல்யாணம் அல்ல. ஆணும் ஆணும் என்றால் விதையைக் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண்ணும் பெண்ணும் என்றால் கூட்டுக்காகச் சண்டை. ஆணும் பெண்ணும் என்றால் ஒரு மாதத்தில் குட்டிகள், குட்டி போட்ட அன்றே மறுபடி சினை. கடைக்காரர் ஆண் என்று கொடுத்தது பெண்ணாக இருப்பதும் சர்வசாதாரணம். குட்டியாக இருக்கும்போது பார்த்துச் சொல்வது அனுபவசாலிக்கே தடுமாற்றம் தரும்.

துணை வேண்டுமென்றால் இரண்டுக்கும் ஆபரேஷன் ஆகி, இரண்டு மாதம் கழிந்து, பக்கத்துப் பக்கத்து வேலிகளில் வாசனை பழகி, பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத புது இடத்தில் சந்திக்க வைக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம். அதற்குள் முதல் முயலின் கடி நின்றுவிட்டிருக்கும். அதனால்தான் இதைக் கடிக்கு வைத்தியம் என்று நான் எண்ணுவதே இல்லை.

கொடுத்துவிடுவது

வீட்டில் கைக்குழந்தை, வயதானவர்கள், காயம் சீக்கிரம் ஆறாத சர்க்கரை நோயாளிகள் இருந்தால், மேற்சொன்ன வழிகளுக்கு வேண்டிய மாதங்கள் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். முயலோடு தரையில் உட்கார வீட்டில் யாருக்கும் நேரமே இல்லை என்பதும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மைதான். அப்போது கொடுப்பது நல்ல முடிவு, எங்கே கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து.

ஏரிக்கரையிலோ பூங்காவிலோ திறந்துவிடுவதை ஒரு வழியாகவே எண்ணாதீர்கள். வளர்ப்பு முயலுக்கு நம் காட்டில் பிழைக்கத் தெரியாது. முதல் ராத்திரியே நாயிடம் மாட்டும். பட்டினியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட. சந்தையில் திருப்பிக் கொடுத்தாலோ, "இலவசம்" என்று விளம்பரம் போட்டாலோ, வாங்குபவர் சட்டி வைத்துக் காத்திருக்கலாம். முயல்கறி தின்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது அவரவர் சாப்பாடு. நீங்கள் பெயர் வைத்து வளர்த்த முயலுக்கு அந்த முடிவு வேண்டாம் என்றால் ஒரு சிறு தொகையாவது கேளுங்கள், ஆளின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முன்பே முயல் வைத்திருந்து ஆபரேஷன் வரை பார்த்தவர் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

கொடுக்கும்போது எழுதியும் கொடுத்துவிடுங்கள்: கூண்டுக்குள் கை விட்டால் கடிக்கும், விளக்குமாற்றைக் கண்டால் பாயும், நெற்றியில் தடவினால் படுத்துக்கொள்ளும், முருங்கைக்கீரை பிடிக்கும், பல் எப்போது பார்த்தது, ஊரில் எந்த மருத்துவர் முயல் பார்ப்பார். கடியை மறைத்துக் கொடுக்கப்பட்ட முயல் இரண்டாவது வாரமே அங்கிருந்தும் கிளம்பி மூன்றாவது வீட்டுக்குப் போகும், அந்த வீட்டை உங்களால் போய்ப் பார்க்க முடியாது.